ஒரே வண்டி, நாலு விலை! - ஹைப்ரிட் காரின் 'ட்ரிம்' வரலாறு

திருப்பூருக்கு வடக்கே இருக்கும் நெருப்பெரிச்சல் 2011 வரை தனி ஊராட்சி. பிறகு மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு 'ட்ரிம்ஸ்' என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டன், ஜிப், லேபிள், எலாஸ்டிக், விலை அட்டை, பாலி பேக் எல்லாம் ட்ரிம்ஸ்தான். துணி ஒன்று, கட்டிங் ஒன்று, தையலும் ஒன்று. ஆனால் கழுத்தில் வேறு லேபிள், மார்பில் ஒரு சின்ன எம்பிராய்டரி, நல்ல பட்டன் நாலு வந்துவிட்டால் அதே டீ-சர்ட்டின் கடை விலை இரண்டு மடங்கு ஆகிவிடும். காஸ்டிங் போடுபவருக்கு உள்ளே நடந்தது என்ன என்று தெரியும். கடையில் வாங்குபவருக்குத் தெரியாது.

கார் கம்பெனிகளும் இதே வார்த்தையைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரே காரை எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, செட்எக்ஸ்ஐ என்று பல படிகளாகப் பிரித்து விற்பதை 'ட்ரிம் லெவல்' என்கிறார்கள். நம் ஊர் ஷோரூமில் இதை 'வேரியன்ட்' என்பார்கள். இந்த ஒற்றுமை தற்செயல் அல்ல. குதிரை வண்டிக் காலத்தில் வண்டிக்குள் துணியும் தோலும் தைத்துப் பொருத்தும் தொழிலாளிக்கு ஆங்கிலத்தில் 'ட்ரிம்மர்' என்று பெயர். மோட்டார் வண்டி வந்தபோது அந்தத் தொழிலும் அந்தச் சொல்லும் கூடவே வந்தன. ஆக, கார் ட்ரிம்மும் ஒரு வகையில் துணிக்காரர்களிடம் இருந்து போனதுதான்!

ஹைப்ரிட் கார் வாங்க நினைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இந்தச் சொல் ஏன் முக்கியம்? பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஒரு தொழில்நுட்பம் எந்தப் படியில் வைக்கப்படுகிறது என்பதுதான், அது யாருக்குப் போய்ச் சேரும் என்பதை முடிவு செய்கிறது. அந்தக் கதையை முதலில் இருந்து பார்க்கலாம்.

ஏணி பிறந்த கதை

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் வாங்குபவருக்குப் பெரிய தேர்வு எதுவும் கிடையாது. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. எல்லோருக்கும் ஒரே கார், வருடா வருடம் குறையும் விலை. இதுதான் ஹென்றி ஃபோர்டின் வழி.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு மாதிரி யோசித்தார். ஒவ்வொரு பர்சுக்கும் ஒரு கார் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கீழே செவ்ரோலெட், மேலே கேடிலாக், நடுவில் ஓல்ட்ஸ்மொபைல், பியூக் என்று ஒரு ஏணி போட்டார். சம்பளம் கூடக் கூட வாடிக்கையாளர் ஒவ்வொரு படியாக ஏறுவார், ஆனால் கம்பெனியை விட்டு வெளியே போகமாட்டார் என்பது கணக்கு. 1920-களின் இறுதியில் ஃபோர்டு மாடல் டி-யை நிறுத்த வேண்டி வந்தது. ஸ்லோன் ஜெயித்தார்.

அடுத்த கட்டத்தில் ஏணி ஒரே காருக்குள்ளேயே வந்துவிட்டது. 1953-ல் செவ்ரோலெட் தன் காரை 150, 210, பெல் ஏர் என்று மூன்று படியாக விற்றது. அடிப்படை வண்டி ஒன்றுதான். மேலே போகப் போக க்ரோம் பட்டையும், நல்ல சீட் துணியும் கூடும். இன்று உலகம் முழுவதும் கார் விற்கும் முறை இதுதான்.

இந்தியாவில் ரொம்ப நாளைக்கு இந்தப் பிரச்சனையே இல்லை. அம்பாசடர் கிடைத்தாலே பெரிய விஷயம்! 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும், பெரும்பாலானவர்களின் ஒரே கேள்வி "ஏசி வைத்ததா, ஏசி இல்லாததா?" என்பதுதான். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்த பிறகு போட்டி சூடுபிடித்தது. பவர் ஸ்டீயரிங், பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் என்று வசதிகளைப் பிரித்துப் பிரித்து விலை போடும் பழக்கம் வேரூன்றியது. 'டாப் எண்ட்', 'பேஸ் மாடல்' என்ற வார்த்தைகள் டீக்கடை வரைக்கும் வந்தன.

ஹைப்ரிட் முதலில் வந்தபோது

பெட்ரோல் இன்ஜினையும் மின் மோட்டாரையும் ஒரே வண்டியில் வைக்கும் யோசனை மிகப் பழையது. 1900-லேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே அப்படி ஒரு வண்டியைச் செய்து காட்டினார். ஆனால் பெரிய அளவில் தயாரித்து விற்றது டொயோட்டாதான். 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் விற்பனைக்கு வந்தது. 1999-ல் ஹோண்டா இன்சைட் வந்தது.

இதன் வேலை எளிமையானது. பிரேக் அடிக்கும்போது சாதாரண காரில் வேகம் எல்லாம் சூடாகி வீணாகப் போகும். ஹைப்ரிடில் மோட்டார் அதை மின்சாரமாக மாற்றி பேட்டரியில் சேர்த்துவிடும். மெதுவாக ஊரும்போது இன்ஜின் அணைந்து மோட்டார் மட்டும் ஓடும். அதனால்தான் ஹைப்ரிடின் லாபம் நெரிசலான தெருக்களில் அதிகம், காலியான நான்குவழிச் சாலையில் குறைவு. காரை வெளியே சார்ஜ் போடத் தேவையில்லை.

'விலை குறைந்த ஹைப்ரிட்' என்ற போட்டி உண்மையில் தொடங்கியது 2009-ல். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹோண்டா தன் புதிய இன்சைட்டை ஜப்பானில் 18.9 லட்சம் யென்னுக்குக் கொண்டுவந்தது. ஏப்ரலில் அது அங்கே மாத விற்பனையில் முதலிடம் பிடித்தது. டொயோட்டா சும்மா இருக்குமா? மே மாதம் மூன்றாம் தலைமுறைப் பிரியஸை 20.5 லட்சம் யென்னில் தொடங்கியது. அதோடு விடவில்லை. பழைய பிரியஸைச் சில வசதிகளைக் கழற்றி 'இஎக்ஸ்' என்ற பெயரில், இன்சைட்டின் விலையான அதே 18.9 லட்சம் யென்னுக்கு வைத்தது! அந்த ஆண்டு முழுவதற்குமான ஜப்பான் விற்பனையில் பிரியஸ்தான் முதலிடம்.

அமெரிக்காவில் அதே இன்சைட் எல்எக்ஸ், இஎக்ஸ் என்று இரண்டு படிகளாக வந்தது. எல்எக்ஸ் 20,000 டாலருக்குக் கீழே. விளம்பரத்தில் பெரிதாக வந்தது இந்த விலைதான். ஆனால் வண்டி வழுக்கும்போது தானாகக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலிட்டி வசதி முதல் ஆண்டில் மேல்படியான இஎக்ஸில் மட்டுமே இருந்தது. விலையைக் கீழே கொண்டுவர எதைக் கழற்றினார்கள் என்று பார்த்தால், அதில் உயிர் காக்கும் ஒரு பொருளும் இருந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தியக் கதையிலும் இது திரும்ப வருகிறது.

இந்தியா: வரியும் வால்பிடித்த விலையும்

2008-09 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப.சிதம்பரம் ஹைப்ரிட் கார் மீதான கலால் வரியை 24 சதவீதத்தில் இருந்து 14 சதவீதமாகக் குறைத்தார். அந்த ஆண்டு ஜூனில் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் இந்தியாவுக்கு வந்தது. முழுதாக இறக்குமதி செய்யப்பட்ட கார் என்பதால் விலை சுமார் 21.5 லட்சம். வாங்க ஆள் இல்லை. சில மாதங்களில் 8 லட்சம் ரூபாயைக் குறைத்தார்கள். உடனே விற்றுத் தீர்ந்தது. மக்களுக்கு ஹைப்ரிட் வேண்டாம் என்றில்லை, அந்த விலைதான் வேண்டாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

2010-ல் பிரியஸ் 26 லட்சத்துக்கும் மேல் விலையில் வந்தது. 2013-ல் கர்நாடகாவின் பிடதி ஆலையில் கேம்ரி ஹைப்ரிட் தயாரானது. இரண்டுமே பணக்காரர்களின் வாகனங்கள்.

2015 ஏப்ரலில் மத்திய அரசு 'ஃபேம்' திட்டத்தைத் தொடங்கியது. மின்சார, ஹைப்ரிட் வண்டிகளுக்கு மானியம். அதே ஆண்டு செப்டம்பரில் மாருதி சியாஸ் டீசல் 'எஸ்எச்விஎஸ்' என்ற பெயரோடு வந்தது. தொடக்க விலை 8.23 லட்சம். இங்கே ஒரு வித்தியாசம் நடந்தது. ஹைப்ரிடை மேல்படிக்கு மட்டும் வைக்காமல், சியாஸ் டீசலின் எல்லாப் படிகளிலும் வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 'மைல்ட்' ஹைப்ரிட். மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், தனியாகக் காரை நகர்த்தாது. மிச்சமாகும் எரிபொருளும் குறைவு. 2017 ஏப்ரலில் அரசு மைல்ட் ஹைப்ரிடுகளை மானியத்தில் இருந்து நீக்கியது.

அடுத்த அடி மூன்றே மாதத்தில் விழுந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தபோது பெரிய ஹைப்ரிட் கார்களுக்கு 28 சதவீத வரியும் 15 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதம் ஆனது. அதற்கு முன் அது சுமார் 30 சதவீதம். ஒரே நாளில் சொகுசுக் காருக்குரிய இடத்தில் ஹைப்ரிடைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். அதன்பின் ஐந்து ஆண்டுகள் நடுத்தர விலையில் முழுமையான ஹைப்ரிட் கார் எதுவும் இந்தியாவில் வரவில்லை.

2022: மேல்படியில் வந்த சிக்கனம்

2022 மே மாதம் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் வந்தது. லிட்டருக்கு 26.5 கி.மீ. என்றார்கள். ஆனால் வந்தது 'செட்எக்ஸ்' என்ற ஒரே மேல்படியில், 19.49 லட்சத்துக்கு. பேட்டரி இடத்தை எடுத்துக்கொண்டதால் 506 லிட்டர் டிக்கி 306 லிட்டராகச் சுருங்கியது. குடும்பத்தோடு பெட்டி படுக்கை ஏற்றிப் பழனிக்கோ திருச்செந்தூருக்கோ போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் விளம்பரத்தில் எளிதில் கண்ணில் படாது.

அதே ஆண்டு செப்டம்பரில் டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் வந்தன. பிடதியில் ஒரே ஆலையில் தயாராகும் இரட்டைப் பிள்ளைகள். இன்ஜின் ஒன்று, பேட்டரி ஒன்று, லேபிள் மட்டும் வேறு. திருப்பூர்க்காரர்களுக்குப் புரியாத விஷயமா இது! ஒரே யூனிட்டில் இரண்டு பிராண்டுக்குத் தைத்துக்கொடுப்பது போலத்தான். முழுமையான ஹைப்ரிடுக்குக் கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ.

ஆனால் படிகள் வேறு. கிராண்ட் விட்டாராவில் சிக்மா, டெல்டா, ஜீட்டா, ஆல்ஃபா என்று நான்கு படி. முதல் இரண்டில் முழு ஹைப்ரிட் கிடையாது. 'ஜீட்டா பிளஸ்' 17.99 லட்சத்தில்தான் தொடங்கியது. சிக்மாவின் தொடக்க விலையோ 10.45 லட்சம். ஹைரைடரில் கொஞ்சம் கீழே, இரண்டாம் படியான 'எஸ்' முதல் ஹைப்ரிட் கிடைத்தது. விலை 15.11 லட்சம். ஆனால் அந்த எஸ் படியில் ஏர்பேக் இரண்டுதான். ஆறு ஏர்பேக் வேண்டுமென்றால் 17.49 லட்சம் கொடுத்து 'ஜி' படிக்கு ஏற வேண்டும்.

ஆக ஒரு குடும்பத்தின் முன் இருந்த கேள்வி இதுதான். பணத்தைக் குறைத்துப் பாதுகாப்பை விடுவதா, பாதுகாப்புக்காகத் தேவையில்லாத அலங்காரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதா? பனியன் ஆர்டரில் பட்டன் மட்டும் மாற்றிக் கேட்கலாம். காரில் ஏர்பேக் மட்டும் தனியாகக் கேட்க முடியாது.

2022 இறுதியில் வந்த இன்னோவா ஹைக்ராஸ் இன்னும் வேடிக்கை. கீழ்ப்படிகளான ஜி, ஜிஎக்ஸ் இரண்டிலும் ஹைப்ரிட் இல்லை. மேல்படிகளில்தான் உண்டு. ஒரு நாளைக்கு 200, 300 கி.மீ. ஓட்டுகிற வாடகை வண்டிக்காரருக்குத்தான் பெட்ரோல் மிச்சம் முக்கியம். அவர் வாங்கக்கூடிய படியில் அது இல்லை! மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம் குறைவாக உள்ளவருக்கே மிச்சம் பிடிக்கும் கருவி கிடைத்தது.

ஏர்பேக் கற்றுத்தந்த பாடம்

எந்த வசதியும் மேல்படியிலேயே நின்றுவிட வேண்டும் என்பதில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய கார்களின் ஏர்பேக் இல்லாத கீழ்ப்படிகளை மோதிப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியம் நட்சத்திரம். இரண்டு ஏர்பேக் வைத்த போலோவுக்கு நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அதே கார்தான், படி மட்டும் வேறு! ஃபோக்ஸ்வாகன் உடனே ஏர்பேக் இல்லாத போலோவை நிறுத்தியது.

பிறகு சட்டம் வந்தது. 2019 ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ், அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக், 2021 டிசம்பர் 31 முதல் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாயின. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் திட்டம் 2023-ல் கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் வாங்குபவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டிலும் எல்லாப் படிகளுக்கும் ஆறு ஏர்பேக் வந்தது. அதே சமயம் கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடும் ஒரு படி கீழே இறங்கி 'டெல்டா பிளஸ்' என்று 16.99 லட்சத்துக்கு வந்தது. சட்டமும் வாங்குபவரின் பிடிவாதமும் சேர்ந்தால் ஏணியில் பொருள் கீழே இறங்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

நெருப்பெரிச்சல் காஸ்டிங்

இனி ஒரு கணக்கு. 2022-ல் கிராண்ட் விட்டாரா ஜீட்டா ஆட்டோமேட்டிக் 15.39 லட்சம், ஜீட்டா பிளஸ் ஹைப்ரிட் 17.99 லட்சம். வித்தியாசம் 2.60 லட்சம். தமிழ்நாட்டில் அப்போது 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 15 சதவீதம். அதையும் சேர்த்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட 3 லட்சம். (2023 நவம்பரில் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு இந்த வரி 18 சதவீதம் ஆனது.)

கம்பெனி சொன்ன மைலேஜையே எடுத்துக்கொள்வோம். சாதாரண ஆட்டோமேட்டிக் 20.58, ஹைப்ரிட் 27.97. 1000 கி.மீ. ஓட்ட முதலாவதற்கு 48.6 லிட்டர், இரண்டாவதற்கு 35.8 லிட்டர். மிச்சம் சுமார் 12.8 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 1,280 ரூபாய்.

மாதம் 1000 கி.மீ. மட்டும் ஓட்டும் குடும்பத்துக்கு அந்த 3 லட்சம் திரும்பி வர 19 வருடத்துக்கு மேல் ஆகும். கார் அதுவரை இருக்குமா? நெருப்பெரிச்சலில் இருந்து தினமும் டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி யூனிட் என்று திருப்பூர் நெரிசலில் சுற்றி, வாரம் இரண்டு முறை கோவைக்கும் போய் மாதம் 3000 கி.மீ. ஓட்டுபவருக்கு ஆறரை வருடம். நெரிசலில் ஹைப்ரிட் இன்னும் நன்றாக மிச்சம் பிடிக்கும் என்பதால் அது மேலும் குறையலாம். கடன் வாங்கி வாங்கினால் வட்டியையும் சேர்க்க வேண்டும்.

கூரைக் கண்ணாடி, பெரிய திரை, தோல் சீட் இவை எதுவும் இந்தக் கணக்கில் வராது. அவை ஆசைக்கு. ஆசைப்படுவது தப்பில்லை, ஆனால் அதை மைலேஜ் கணக்கில் எழுதக்கூடாது.

அரசின் பங்கு

2024 ஜூலையில் உத்தரப்பிரதேசம் முழு ஹைப்ரிட் கார்களுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. 4 மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் ஹைப்ரிடுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம். 43-ல் இருந்து 40 என்றால் லாபம்தானே என்று தோன்றும். ஆனால் அதே அளவுள்ள சாதாரணப் பெட்ரோல் காரும் 45-ல் இருந்து 40-க்கு வந்துவிட்டது. முன்பு ஹைப்ரிடுக்கு இருந்த 2 சதவீத சலுகையும் போய்விட்டது. ஆனால் 18 சதவீதம் என்ற வாசல் சிறிய ஹைப்ரிடுக்குத் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியாக எந்தக் கம்பெனி, எந்தப் படியில், என்ன விலையில் நுழைகிறது என்பதைப் பொறுத்துத்தான் 'எல்லோருக்கும் ஹைப்ரிட்' என்பது அமையும்.

நூறு வருடத்துக்கு முன் ஸ்லோன் போட்ட ஏணி இன்னும் அப்படியே நிற்கிறது. மேலே ஏறச் சொல்லி ஷோரூமில் ஒருவர் கைபிடித்து அழைப்பார். மாதத் தவணையில் இன்னும் இரண்டாயிரம்தான் என்பார். அப்போது பனியன் கம்பெனிக்காரர் செய்வதையே செய்தால் போதும். ஒரு தாளை எடுத்துத் துணி எவ்வளவு, தையல் எவ்வளவு, ட்ரிம்ஸ் எவ்வளவு என்று தனித்தனியாக எழுத வேண்டும். பாதுகாப்பைத் துணியில் எழுத வேண்டும், ட்ரிம்ஸில் அல்ல. மிச்சம் பிடிக்கும் கருவியை, ஓட்டும் தூரத்தால் வகுக்க வேண்டும். மீதி உள்ளது லேபிள்!